டீ வருவதற்கு முன் என் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டி

அனுப்புநர்
தி. நந்திதா (வயது 17),
த/பெ. திருமூர்த்தி,
தறிக்குடோன் லைன் வீடு,
செங்காட்டுத் தோட்டம்,
சூலூர் வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.
(தற்போது அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் நோயாளிக்கு உடனிருப்பவர்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: என் தாயார் மாரியாத்தாள் அவர்களுக்குத் தைராய்டு மாத்திரையைக் காலை டீக்கு முன்பாகத் தனியாகக் கொடுக்க உத்தரவிடவும், அவரை மனநலக் காப்பகத்துக்கு அனுப்புவதைத் தள்ளி வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நான் கவனித்தது என் தாயாரின் புருவத்தை. உறவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். சேலை கட்டி முடித்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் நானே அவருக்குப் பொட்டு வைத்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு புருவமும் பாதியில் நின்றிருந்தன. காதுப் பக்கம் போக வேண்டிய பாதியில் முடியே இல்லை. எழுதிக்கொண்டு வரும்போதே பேனாவில் மை தீர்ந்தது போல இருந்தது. கண் விழித்ததும் சொன்னேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வயசாகுதில்ல கண்ணு" என்றார். அப்போது அவருக்கு வயது நாற்பது கூட ஆகவில்லை.

2. நாங்கள் விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவர்கள். என் தகப்பனாரும் தாயாரும் ஒரே குடோனில் வேலை செய்தார்கள். தறிச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் அங்கே கையும் உதடும்தான் பேசும். அதனால் என் தாயாரின் குரல் கட்டிப் போனது வெகுநாள் யாருக்கும் தெரியாமலே இருந்தது. ஒரு நாள் கரண்ட் போய்த் தறிகளெல்லாம் நின்றன. அந்த அமைதியில் அவர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்துத் தறிக்காரர் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க மாரியாத்தாக்கா, உங்க ஊட்டுக்காரரு தொண்டைய எப்பங்க கடன் வாங்குனீங்க?" என்றார். குடோனே சிரித்தது. என் தாயாரும் சிரித்தார். அதன் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் அவர் வாயைத் திறக்காமல் இருந்ததை நான் மட்டும் கவனித்தேன்.

3. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் கேட்பார். முகம் வீங்கும். மெட்டி இறுகி விரலில் தடம் விழுந்தது. இழை அறுந்து தறி நின்றால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டியவர், நின்ற தறியையே பார்த்துக்கொண்டு நிற்பார். குடோன் முதலாளி, "மாரியாத்தா தறி ஓட்டுதா, தறிக்குக் காவல் நிக்குதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். என் தாயாருக்குப் பதிலாகத் தறியில் நிற்கத்தான் நான் பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டேன். யாரும் என்னைப் பள்ளியை விடச் சொல்லவில்லை. என் தாயார் தறியருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் ஓட்டுவேன்.

4. எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். காலம் முழுக்க மாத்திரை போட வேண்டும், போட்டால் பழையபடி ஆகிவிடுவார் என்றார்கள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் என் தகப்பனார் மல்லிகைப் பூ வாங்கினார். உடம்பில் சத்து இல்லையென்று இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒரே காகித உறையில் இருந்தன. உறை மேல் காலை என்று எழுதியிருந்தது.

மாத்திரை கொடுத்த செவிலியர் நல்லவர். ஒவ்வொரு முறையும், "வெறும் வயித்துல தானுங்களே போடறீங்க? சாப்பிட்டுப் போட்டா வேலை செய்யாதுங்க" என்று கேட்பார். "ஆமாங்க, ஒண்ணும் சாப்பிடறதில்லீங்க" என்று என் தாயார் சொல்வார். அவர் உண்மையாகத்தான் கேட்டார், என் தாயாரும் உண்மையாகத்தான் சொன்னார் என்பதைத் தாங்கள் தயவு செய்து நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

குடோனில் காலை ஷிஃப்டுக்கு முன்பே டீ வந்துவிடும். என் தகப்பனார் ஒரு கையில் டம்ளரும் இன்னொரு கையின் உள்ளங்கையில் மாத்திரைகளுமாக என் தாயார் முன் வந்து நிற்பார். அவர் எல்லா மாத்திரைகளையும் ஒரே வாயில் போட்டு டீயில் விழுங்குவார். டிபன் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான். ஒரு நாள் கூட இது தவறவில்லை. தமக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் என் தகப்பனார் டம்ளரோடு வந்தார்.

5. இரத்தம் மறுபடி பார்த்தபோது, தைராய்டு குறைந்தால் ஏறுகிற அந்த எண் இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகும் இறங்கவில்லை. மறுபடி கூட்டினார்கள். அதற்கடுத்த முறை மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "கவர்ன்மென்ட் குடுக்கற மாத்திரையக் காக்காய்க்கா போடறீங்க? உள்ள போயிருந்தா இப்படி இருக்காதே" என்று கேட்டார். என் தகப்பனார், "எங்கையால குடுக்கறனுங்க" என்றார். மருத்துவர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். வெளியே வந்து என் தாயார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "நான் முழுங்கறது எங்க கண்ணு போகுது?" என்று என்னைக் கேட்டார். அதன் பிறகு அவர் அதை யாரிடமும் கேட்கவில்லை.

6. இந்த வைகாசியில் அவர் நிலை மோசமானது. பகலெல்லாம் தூக்கம். விழித்தால், தறி ஓடுகிறது, நிறுத்து என்பார். முதலில் அப்படிச் சொன்ன அன்று குடோனுக்கு விடுமுறை. ஒரு தறி கூட ஓடவில்லை. பிறகு ஆட்களை அடையாளம் தெரியாமல் ஆனதும் தாங்கள் அறிந்த பெரிய மருத்துவமனைகளில் ஒன்றில் சேர்த்தோம். அதன் பெயரை இந்த மனுவில் எழுதவில்லை. நாங்கள் இன்னும் அந்த வார்டில்தான் இருக்க வேண்டும். தங்கள் உதவியாளர் கேட்டால் என் தகப்பனார் வாயால் சொல்வார்.

சேர்த்த அன்று ஊசியும் குளுக்கோசும் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் நான் எதுவும் எழுதக் கூடாது. கண் திறந்தார். என்னை "அம்மணி" என்று கூப்பிட்டார். ஆனால் தறிச் சத்தம் மட்டும் அவர் காதை விட்டுப் போகவில்லை. ஒரு மத்தியானம் நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் தறியை நிறுத்தி வருவதாகச் சொல்லிக்கொண்டு படியிறங்கிச் சாலை வரை போய்விட்டார். அன்றிலிருந்து அவரை மனநோயாளி என்று எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

7. என் தாய்மாமன் அரங்கசாமி கெட்டவர் அல்ல. மருத்துவமனைக்கு எங்களைத் தம் டெம்போவில் ஏற்றி வந்தவர் அவர்தான். அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறார். வார்டு வராந்தாவில் என் தகப்பனாரிடம், "மாப்ள, எந்தங்கச்சியச் சொல்றனேன்னு நெனைக்காதீங்க. நீங்க தறியப் பாப்பீங்களா, ரோட்டுல ஓடறவளப் புடிப்பீங்களா? இந்தப் புள்ளையும் எத்தன நாளைக்குக் கட்டலுக்குக் காவல் இருக்கும்?" என்றார். என் தகப்பனார் தரையையே பார்த்துக்கொண்டு, "அங்க அவளுக்குக் காலைல டீ குடுப்பாங்களா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். வரும் புதன்கிழமை டிஸ்சார்ஜ் செய்து நேராக அங்கே கொண்டுபோவதாக முடிவாகியிருக்கிறது. என் தகப்பனார் ரேகை வைக்க ஒப்புக்கொண்டுவிட்டார். காப்பகத்தில் கதவைப் பூட்டுவார்களாம்.

8. அடுத்த கட்டிலில் இருப்பவர் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பங்காரம்மா என்பவர். சர்க்கரை நோய்க்காகச் சேர்ந்திருக்கிறார். ஒரு நாள் காலை அவருக்குச் சாப்பிடுவதற்கு முன் இரத்தம் எடுக்க ஒருவர் வந்தார். அங்கே நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். மனுவில் இப்படி எழுதலாமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மனுவே இதிலிருந்துதான் வந்தது.

வந்தவர், "அம்மா, ஏதாச்சும் சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"பச்சத் தண்ணி பல்லுல படலீங்க" என்றார் பங்காரம்மா.

"அப்பக் கையில என்னுங்க?"

"இது டீங்க."

"டீ குடிச்சுப்போட்டு வெறும் வயிறுங்கறீங்களே!"

"ஏஞ்சாமி, டீ குடிச்சா வயிறு ரொம்பிருமா? எங்க தோப்புல ஆனை பூந்து குருத்தெல்லாம் தின்னுபோட்டுப் போச்சு, அதைச் சாப்பாடுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். இந்தத் துளி டீயைப் போயி..."

வார்டே சிரித்தது. இரத்தம் எடுக்க வந்தவரும் சிரித்துக்கொண்டு நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். நானும் சிரித்தேன் ஐயா. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். சாப்பிட்டாச்சா என்று கேட்டால், இன்னும் இல்லீங்க, டீ மட்டுந்தான் என்போம். விரதம் இருப்பவர்களும் டீ குடிப்பார்கள். அதனால் விரதம் கெட்டதாக யாரும் சொன்னதில்லை.

9. அதற்கு அடுத்த நாள் செவிலியர் கல்லூரி மாணவிகள் தங்கள் ஆசிரியையோடு வந்தார்கள். தைராய்டு குறைவாகச் சுரப்பவரை எப்படிக் கவனிப்பது என்பது அன்றைய பாடம். "எல்லா அறிகுறியும் இருக்குது, நல்ல கேஸ்" என்று என் தாயார் கட்டிலைத் தேர்ந்தெடுத்தார்கள். மறைப்புத் திரையை இழுத்து என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

பிரத்யுஷா என்று ஆசிரியை கூப்பிட்ட மாணவி பாடம் சொன்னார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். குரல், தோல், கால் வீக்கம் எல்லாம் சொன்னார். பிறகு புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்திருப்பதைச் சொன்னார். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே இருந்தது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய அன்று நான் பார்த்தது எல்லோரும் படிக்கிற ஒன்று என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நோயாளியின் குறிப்பையும் வாசித்தார். மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர் என்று அதில் எழுதியிருந்தது. திரைத் துணியை நான் கையில் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் ஆசிரியை, "இப்ப பேஷன்ட்டுக்கு ஹெல்த் எஜுகேஷன் குடும்மா" என்றார். மாணவி, "மேடம், பேஷன்ட் தூங்கறாங்க" என்றார். "பரவால்ல, நாந்தான் பேஷன்ட்னு நெனச்சு எங்கிட்டச் சொல்லு" என்றார் ஆசிரியை. மாணவி சொன்னார்: "அம்மா, இந்த மாத்திரையக் காலைல எந்திரிச்சதும் வெறும் தண்ணியில போடணுமுங்க. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி, பால் எதுவும் குடிக்கக் கூடாதுங்க. இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளிப் போடணுமுங்க. சேத்துப் போட்டா இது உடம்புல சேராம அப்படியே வெளிய போயிருமுங்க. நல்லாயிருச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாதுங்க."

ஆசிரியை, குட் என்றார். பாடத்துக்கென்று கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். திரையை விலக்கிவிட்டுப் போனார்கள்.

ஐயா, என் தாயார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என்னைக் கேட்ட கேள்விக்கு அது பதில். இத்தனை வருடத்தில் அதை ஒருவர் முழுதாகச் சொன்னார். அம்மா என்று கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் என் அம்மாவிடம் சொல்லவில்லை.

10. எனக்கு அந்நியர் முன் பேச்சு வராது. பள்ளியிலும் வராது. இருந்தாலும் படியில் அந்த மாணவியின் பின்னால் ஓடினேன். அவர் நின்று, "என்ன கண்ணு?" என்றார். கடைசியில் சொன்னதை மறுபடி ஒரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டேன். சொன்னார். என் தாயார் டீயில்தான் விழுங்குகிறார், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விழுங்குகிறார் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப அதுதான் காரணமா இருக்கும் கண்ணு. ஆனா நான் ஸ்டூடன்ட். நான் சொன்னா எடுபடாது. நீங்க டூட்டி சிஸ்டர்கிட்டச் சொல்லுங்க" என்றார். அவர் கூட்டத்தோடு போக வேண்டியிருந்தது.

வார்டு முழுவதற்கும் டூட்டியில் ஒரு செவிலியர்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். "சத்தமாச் சொல்லு அம்மணி, காதுலயே உழுகல" என்றார். டீக்கு முன்னாடி என்று ஆரம்பித்தேன். அவர் ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டே, "மாத்திரை டிராலி சாப்பாட்டுக்கு அப்புறந்தான் வரும். ஒரு கட்டலுக்காக முன்னாடி தள்ள முடியுமா? உங்கம்மாவுக்கு வேற நான் முன்னாடி நின்னு முழுங்க வெக்கோணும்னு எழுதியிருக்காங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. என் தாயார் மாத்திரை போடாமல் ஏமாற்றுகிறார் என்று எழுதிவிட்டதால் எங்கள் கையில் மாத்திரை தருவதில்லை. டீ வந்து, பொங்கல் வந்து, அதற்கும் பிறகு டிராலி வருகிறது. தைராய்டு, இரும்பு, கால்சியம் எல்லாவற்றையும் ஒரு மூடியில் போட்டு, விழுங்கி முடிக்கும் வரை நின்று பார்க்கிறார்கள். வீட்டில் நடந்த அதே தவறு இங்கே கண்காணிப்போடு நடக்கிறது.

மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்தபோது என் தகப்பனாரைப் பேசச் சொன்னேன். அவர் கைகட்டி நின்று, "டீயில குடுத்தது தப்புங்களா சார்?" என்று கேட்டார். மருத்துவர், "டீயெல்லாம் அப்புறம் பாக்கலாம், மொதல்ல மாத்திரைய உள்ள போகச் சொல்லுங்க. எதுக்கும் மனநலப் பிரிவுலயும் காட்டியிருக்குது" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

11. அதற்கு முன்பே, மாணவி சொன்னதை என் தகப்பனாரிடம் நான் வராந்தாவில் வைத்துச் சொல்லியிருந்தேன். அவர் நம்பவில்லை. "டீங்க கண்ணு அது" என்றார். மறுபடி சொன்னேன். பிறகு தம் உள்ளங்கையைப் பார்த்தார். தறியில் காய்த்துப் போன கை. அதைச் சட்டையில் துடைத்துவிட்டு எழுந்து போனார். என் தாயாருக்கு நினைவு தெளிந்த நேரம் பார்த்து அவரிடமும் சொன்னேன். "டீயா கண்ணு? அது பாட்டுக்குப் போகுது, அது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். பிறகு, "அப்ப நாம் பொய் சொல்லலையில்ல?" என்றார். இல்லீங்கம்மா என்றேன். அதைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

அப்படிக் கேட்கிறவரை ஒரு பூட்டிய வீட்டுக்குள் அனுப்ப எங்களால் எப்படி முடியும் ஐயா? அங்கேயும் காலையில் டீயோடுதான் மாத்திரை கொடுப்பார்கள். அங்கே அவர் தறியை நிறுத்து, தறியை நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பைத்தியம் முற்றிவிட்டது என்பார்கள். யாரும் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். புதன்கிழமைக்கு முன் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அவர் தாம் சொன்னால் மற்றவர்கள் கேட்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். அப்படி எனக்குத் தெரிந்தவர் தாங்கள் மட்டும்தான். அதுவும் குடோனில் ஒட்டியிருக்கும் திங்கட்கிழமைக் குறைதீர் நாள் அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரியும்.

12. நான் படித்தவள் அல்ல. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். டீயில் சேர்த்து விழுங்கியது ஒன்றுதான் காரணம் என்றும் நான் சாதிக்கவில்லை. மாத்திரையைச் சரியாகக் கொடுத்துப் பார்த்த பிறகு நான் நினைத்தது தவறு என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே கீழ்க்கண்டவற்றை வேண்டுகிறேன்.

என் தாயாரின் தைராய்டு மாத்திரையை மட்டும், காலையில் டீ வாளி வருவதற்கு முன், தண்ணீரில் கொடுக்க உத்தரவிட வேண்டும். முன்னால் நின்று விழுங்க வைப்பதானால் அப்போதே நின்று விழுங்க வைக்கட்டும். எங்களுக்கு அதில் குறையில்லை. இரும்பும் கால்சியமும் மத்தியானத்துக்குப் போகட்டும்.

அப்படிச் சில வாரங்கள் கொடுத்து மறுபடி இரத்தம் பார்க்கும் வரை அவரைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் வார்டிலோ வீட்டிலோ வைத்திருக்க அனுமதிக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் நான் தறிக்குப் போகாமல் கூடவே இருக்கிறேன். கதவைப் பூட்ட மாட்டேன். கதவருகில் உட்கார்ந்திருப்பேன். அவர் தறியை நிறுத்தப் போக வேண்டும் என்றால் நானும் கூடப் போய், நிறுத்திவிட்டு, அழைத்து வருவேன்.

மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர் என்று எழுதியதை அடித்துவிட வேண்டும். இது மற்றதைவிடச் சிறியதாகத் தங்களுக்குத் தோன்றலாம். அவருக்கு அது சிறியது அல்ல.

இன்னொன்று, எங்களுக்காக மட்டும் அல்ல. மாத்திரை கொடுக்கும் இடங்களில் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள். அதைக் கேட்க வேண்டாம் ஐயா. டீ குடித்தீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் என் தாயார் இல்லையென்று பொய் சொல்லியிருக்க மாட்டார். மாணவிகள் பாடத்துக்காகக் கொண்டுவரும் படத்தைத் தமிழில் எழுதி வார்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னால் அதுவும் உதவும். பாடம் சொல்லும் நேரத்தில் திரைக்கு வெளியே நிற்பவர்களையும் உள்ளே அழைக்கலாம். வீட்டில் மாத்திரை கொடுக்கப் போவது நாங்கள்தான்.

13. யார் மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. செவிலியர் மேல் கோபம் இல்லை. அவர் ஒருவராக அத்தனை கட்டிலுக்கும் ஓடுகிறார். மாணவியிடம் நன்றிதான் இருக்கிறது. தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் கொடுத்தால் இரண்டு வரியில் முடித்துவிடுவார் என்று அடுத்த கட்டில் பங்காரம்மா சொன்னார். "நீயே எழுது கண்ணு. பேசத்தானே வராது உனக்கு, கை நல்லாத்தானே இருக்குது" என்றார். அதனால் நானே எழுதினேன். வாசிக்கக் கேட்டு என் தகப்பனாரும் இதில் ரேகை வைத்திருக்கிறார். நீளமாகிவிட்டதற்கு மன்னிக்க வேண்டும். எதை விட்டால் தாங்கள் நம்பாமல் போவீர்களோ என்று எதையும் விட முடியவில்லை.

புதன்கிழமை விடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். என் தாயாரை எனக்குத் திருப்பித் தாருங்கள்.

தங்கள் சொல்லை நம்பிக் காத்திருக்கும்,
தி. நந்திதா

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 07.07.2024

(தகப்பனார் திருமூர்த்தி, இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தேன். இது திங்கட்கிழமை காலை. இந்த மனுவை எடுத்துக்கொண்டு என் தகப்பனார் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார் என்பதால் இடமிருக்கும் வரை எழுதுகிறேன். சற்று முன் டீ வாளி வந்தது. டீ ஊற்றுகிறவர் ஒவ்வொரு கட்டிலாக வந்து, "டம்ளரக் காட்டுங்க, டம்ளரக் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே எங்கள் கட்டிலுக்கு வந்தார். என் தாயார் விழித்திருந்தார். வழக்கம் போல டம்ளரை நீட்டினார். டிராலி இன்னும் வரவில்லை. வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அம்மாவுக்கு இப்ப வேண்டாமுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, நான் டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.